அந்தக் கேக்கில் முட்டை இருந்தது

அன்றைக்கு ஷூட்டிங் ஃப்ளோரில் இருந்தவர்கள்: புரொடியூசர் முரளி சார், நிகழ்ச்சியை நடத்தும் ஆங்கர் சஹானா, கேமராமேன்கள் இரண்டு பேர், சவுண்ட் பார்க்கும் யூசுப், அசிஸ்டென்ட் டைரக்டர் கிரண், மேக்கப் ரெஹானா, அப்புறம் நான். எட்டுப் பேர். இப்படி வரிசையாக எழுதக் காரணம் உண்டு. கேக்கை மாற்றிவைத்த மாதிரி எதுவும் நடக்கவே இல்லை என்று முரளி சார் பிறகு வெளியில் சொல்லிக்கொண்டு திரிந்தார். நடந்தது. எட்டுப் பேரும் பார்த்தோம்.

என் பெயர் ஸ்டெல்லா. வீடு பெங்களூர் காக்ஸ் டவுன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. தங்கை மகன் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு நான் செய்த கேக்கை மாதா கோயிலில் பார்த்தவர்கள் ஆர்டர் கொடுக்கத் தொடங்கினார்கள். ஒரு சின்ன ஓவன் இரண்டானது. சஹானா தன் மகள் பிறந்தநாளுக்கு முட்டை போடாத கேக் ஒன்று வாங்கினார். அவர் பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, முட்டை வாசல்படி தாண்டியதில்லை. கேக் பிடித்துப்போய், தான் வேலை பார்த்த கன்னட சேனலில் மத்தியான சமையல் நிகழ்ச்சிக்கு என்னைச் சொல்லிவிட்டார். கன்னடம் எனக்குத் தண்ணீர் மாதிரி வரும். எழுதத்தான் வராது.

இப்போது வீட்டில் கேக் செய்யும் பெண்கள் பலர், “டிவில எப்படிக்கா போறது?” என்று கேட்கிறார்கள். போவது பெரிய விஷயமில்லை. போன இடத்தில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

ஹீரோ என்றால் என்ன

டிவியில் கேக் வேகாது. கேமரா முன்னால் மாவைக் கலக்குவோம், டின்னில் ஊற்றுவோம், ஓவனில் வைப்போம். அந்த ஓவனுக்குப் பல சமயம் கரண்டே கொடுத்திருக்க மாட்டார்கள். ‘கட்’ சொன்னதும், வீட்டிலேயே செய்து எடுத்துப்போன கேக்கை மேசைக்குக் கொண்டுவருவோம். அதற்குப் பெயர்தான் ஹீரோ. இதை ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். முக்கால் மணி நேரம் ஓவன் கதவையே யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? ஆனால் செய்துகாட்டிய பண்டமும் ஹீரோவும் ஒன்றாக இருக்க வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர வேண்டிய விஷயமா இது?

அன்றைக்கு முட்டைக்குப் பதில் தயிர் ஊற்றிச் செய்யும் எக்லெஸ் கேக். சந்தாபுரா பக்கம் ஒரு பங்களாவில் ஷூட்டிங். சந்தாபுராவிலேயே ரேவதி என்று ஒரு வாடிக்கையாளர், தர்மபுரிப் பெண். அன்று சாயங்காலம் அவர் மகன் நகுலுக்கு முதல் பிறந்தநாள். போகிற வழிதானே என்று அவர் கேக்கையும் கையோடு எடுத்துப் போயிருந்தேன். அது முட்டை போட்டது.

கிரணிடம் இரண்டு பெட்டிகளையும் காட்டிச் சொன்னேன்: “தம்பி, சின்னப் பெட்டி ஹீரோ. பெரிய பெட்டி ஒருத்தரோட ஆர்டர், அதைத் தொடாதீங்க.” தலையை ஆட்டினான். காதில் என்ன மாட்டியிருந்தானோ, நான் சொன்னது ஏறியதா என்று தெரியவில்லை. மேக்கப் ரூமிலிருந்து இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன். “அக்கா, உக்காருங்க, பவுடர் எல்லாம் வழியுது” என்று ரெஹானா பிடித்து உட்காரவைத்தாள்.

ஒரு ஸ்பூன்

நான் வந்து நின்றபோது கேமரா ஓடிக்கொண்டிருந்தது. சஹானா கையில் ஒரு துண்டு கேக், ஸ்பூன். பக்கத்தில் நின்று நான் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. மேசையைப் பார்த்தேன். கேக்கின் பக்கவாட்டு க்ரீமில், அலங்காரச் சீப்பு இழுத்த கோடுகள். எக்லெஸ் கேக்குக்கு நான் சீப்பு போடவில்லை. நகுல் என்று நீல க்ரீமில் எழுதியிருந்த இடத்தைச் சுரண்டி எடுத்து, அதன்மேல் செர்ரிப் பழங்களை அடுக்கியிருந்தார்கள்.

சொன்னால் அடுத்த ஷூட்டிங்குக்குக் கூப்பிட மாட்டார்கள். சொல்லாவிட்டால் சஹானா சாப்பிட்டுவிடுவார். என்னைத் தைரியசாலி என்று யாரும் நினைக்க வேண்டாம். பயத்தில்தான் கத்தினேன். கன்னடம் வரவில்லை, தமிழ்தான் வந்தது.

“சஹானா, வாயில வெக்காதீங்க. அதுல முட்டை இருக்கு.”

மைக் என் காலரில் இருந்தது. யூசுப் ஹெட்ஃபோனைக் கழற்றி வீசினார்.

சஹானாவுக்கும் தமிழ் வரும். ஸ்பூனைத் தட்டில் போட்டார். “அக்கா, எக்லெஸ்னுதானே சொன்னீங்க?”

“நான் ஹீரோவுக்குக் கொண்டாந்தது எக்லெஸ்தாம்மா. இது வேற வீட்டுப் பிள்ளையோட பர்த்டே கேக்.”

கிரண் கொஞ்சம்கூடக் கூசாமல் சொன்னான்: “மேம், அது ரொம்ப ஃப்ளாட்டா இருந்துச்சு. இது நல்ல ஹைட்டு.”

“முட்டை போட்டா ஹைட்டு வரும்பா. தயிர் போட்டா அவ்ளோதான் வரும். வீட்ல செய்யறவங்களுக்கும் அவ்ளோதான் வரும்.”

முரளி சார் எழுந்து வந்தார். நம் பெங்களூர் ஶ்ரீராம்புரத்துத் தமிழ்தான் பேசுவார். “ஸ்டெல்லாம்மா, ஏன் சீன் போடறீங்க? முட்டை இருக்குன்னு கேமராவுக்குத் தெரியுமா?”

“சாப்பிடறது கேமராவா சார்?”

“ஒரு வாய்மா. வெச்சிக்கிட்டு, கட் சொன்னதும் துப்பிடட்டும். ஸ்வல்ப, கொஞ்சூண்டு அட்ஜஸ்ட் பண்ணாத்தான் இந்த ஃபீல்டுல நிக்க முடியும்.”

சஹானா டிஷ்யூ எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். “முரளி, அட்ஜஸ்ட் எல்லாம் உங்க வீட்டு அடுப்படில வெச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். எக்லெஸ் கேக் வரும்வரை எழுந்திருக்கவில்லை. அது மேசைக்கு அடியில், வயர்களுக்கு நடுவே கிடந்தது. அதைத்தான் சாப்பிட்டார். உயரம் கம்மி, ஆனால் பஞ்சு மாதிரி இருக்கிறது என்று கேமராவைப் பார்த்து அவரே சொன்னார்.

எனக்கு ஆத்திரம் அடங்கவே இல்லை. சாப்பாட்டு விஷயத்தில் ஒருத்தியின் வாய்க்குள் என்ன போகிறது என்று முடிவு செய்ய இவர்கள் யார்? இன்னொன்று, அந்த உயரமான கேக்கைக் காட்டியிருந்தால், பார்த்துச் செய்த பெண்கள் எல்லாம் தங்கள் கேக் எழும்பவில்லையே என்று தங்களைத்தான் நொந்துகொண்டிருப்பார்கள். தயிரும் வெண்ணெயும் அவர்கள் காசு.

ரேவதிக்குப் போன் போட்டது

“ரேவதி, உங்க கேக்கை இங்க வெட்டிட்டாங்க.”

“வெட்டிட்டாங்கன்னா? யாருக்கா?”

“டிவிக்காரங்க.”

“நகுல் இன்னும் வெட்டலையேக்கா” என்றார். பிறகு, “டிவில வருமா?” என்று கேட்டார்.

“வராதும்மா.”

“அதுவும் இல்லையா.”

திட்டியிருந்தால்கூடத் தேவலை. சந்தாபுராவில் ஒரு பேக்கரியில் கேக் வாங்கி, அவர்கள் எழுதியிருந்ததை வழித்துவிட்டு நகுல் என்று நானே எழுதிக் கொடுத்தேன். என்னை நம்பி ஆர்டர் கொடுத்த வீட்டுக்குக் கடைக் கேக். அந்தப் பிள்ளையின் முதல் பிறந்தநாள் போட்டோவில் இருப்பது என் கேக் இல்லை.

முரளி சார் அதற்கப்புறம் கூப்பிடவில்லை. ‘அந்தம்மா செட்ல கலாட்டா பண்ணும்’ என்று பேச்சு பரவியது. இனி நம் கதை முடிந்தது என்று பல நாள் தூக்கமில்லாமல் கிடந்தேன். சஹானா வேறு சேனலுக்கு மாறியபோது, கேக் பகுதிக்கு ஸ்டெல்லாக்காதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். இப்போது வாரா வாரம் என் பெயரிலேயே அந்தப் பகுதி வருகிறது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஹீரோவை நீங்களே பெட்டியிலிருந்து எடுங்கள், நீங்களே வெட்டுங்கள். தப்பு நடந்தால் தைரியம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், அது வராது. பயந்துகொண்டே சொல்லுங்கள்.

நகுலின் கேக்குக்கும் பேக்கரிக் கேக்குக்கும் சேர்த்து முரளி சாருக்கு அப்போதே பில் அனுப்பினேன். எப்போது கேட்டாலும் “அக்கவுன்ட்ஸ்ல இருக்கும்மா” என்கிறார். இன்றுவரை வரவேண்டியது இரண்டாயிரத்து ஐந்நூற்று ஐம்பது ரூபாய்.