மூன்றாவது மாடியும் என் முதுகும்

லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருப்பவனுக்கு முதுகு ஒரு சொத்து. பழைய செய்தித்தாள் கட்டு ஒன்றைக் குனிந்து தூக்கிய காலையில் அது என் கையை விட்டுப் போனது. பெங்களூரில் இருக்கும் மகள் தொலைபேசியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: துர்கா பூஜைக்குள் சரியாகப் படியேறி இறங்க முடியாவிட்டால் வீட்டை விற்றுவிட்டு அவளிடம் போய்விட வேண்டும். மனைவியைக் கேட்டேன். எங்கிருந்தாலும் தனக்கு ஒன்றுதான் என்றாள்.

பவானிபூரிலிருந்து வந்த பிசியோதெரபி பெண் என்னை வங்காளி வழக்கப்படி மேஷோ, அதாவது சித்தப்பா, என்று அழைத்துக்கொண்டே தரையில் பாய் விரித்துப் படுக்கச் சொன்னாள். முழங்கால்களை மடித்து, வயிற்றை லேசாக இறுக்கி, இடுப்பை மெல்ல உயர்த்தி மெல்ல இறக்க வேண்டும். பிறகு கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிக்கொண்டு, ஒரு கையையும் எதிர்ப்பக்கத்துக் காலையும் நீட்ட வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. வலி காலுக்கு இறங்கினால் நிறுத்திவிட வேண்டும். படுத்த நிலையிலிருந்து நேராக எழவே கூடாது. ஒருக்களித்து, கையை ஊன்றி உட்கார்ந்து, பிறகுதான் எழ வேண்டும். துறைமுக அலுவலகத்தில் விதிகளுக்கு விளக்கம் எழுதியே ஓய்வு பெற்றவன் நான். விதிவிலக்கு கேட்க இடமே தராத விதிகளை அன்றுதான் கண்டேன். அவள்மேல் மரியாதை வந்துவிட்டது.

தரையிலிருந்து பார்த்தால் அது வேறு யாருடைய வீடோ போலிருக்கும். சிவப்புத் தரையில் மழைக்கால வெளிச்சம் தண்ணீராக நிற்கும். மேசைக்கு அடியில், தச்சர் பென்சிலால் இழுத்து அழிக்காமல் விட்ட கோடு ஒன்று தெரியும். கீழே மீன்காரரின் குரலும் காப்பிக்கொட்டை வறுபடும் வாசனையும் ஒன்றாகவே ஜன்னலேறி வரும். இடுப்பு உயர்ந்து தாழ, அசைவது நானா தரையா என்று தெரியாமல் போகும். எத்தனையோ கப்பல்களைக் காகிதத்தில் நகர்த்தியிருக்கிறேன், ஒன்றிலும் ஏறியதில்லை. இப்போது இந்தத் தரை என்னை ஏற்றிக்கொண்டு ஹூக்ளி ஆற்றில் சத்தமில்லாமல் இறங்கும். அதற்கு யாருடைய கையெழுத்தும் தேவைப்படவில்லை.

பூஜைப் பந்தலுக்கு மூங்கில் வந்திறங்கிய வாரத்தில், அப்படிப் போனவன் அசந்து தூங்கிவிட்டேன். கறிவேப்பிலை வாங்க இறங்கிய மனைவி கதவைச் சாத்தாமல் போயிருந்தாள். பாயசக் கிண்ணத்தோடு வந்த எதிர்வீட்டு வங்காளி அண்ணி, எங்கள் பௌதி, தரையில் வாய் திறந்து கிடந்த என்னைப் பார்த்து, படிக்கட்டு முழுவதும் கேட்கும்படி அழுதிருக்கிறார். கண் விழித்தபோது தெருமுனை கிளப்பின் கேரம் ஆட்டக்காரர்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் தூக்குவதற்காக என் கால்களைப் பிடித்திருந்தார். இன்னொருவர் தோள்களுக்குக் குனிந்துகொண்டிருந்தார்.

தொடக் கூடாது என்று வங்காள மொழியில் சொன்னேன். எழுவதற்கு ஒரு முறை இருக்கிறது என்றேன். ஒருக்களித்தேன். கையை ஊன்றி உட்கார்ந்தேன். ஒரு முழங்காலில் நின்று, பிறகு எழுந்தேன். எங்கும் வலிக்கவில்லை. மரண வீட்டுக்கு வந்தவர்களுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். கூட்டத்துக்குப் பின்னால், கையில் பையோடு மனைவி நின்றிருந்தாள்.

பதற்றத்தில் பௌதி பெங்களூருக்கும் சொல்லிவிட்டிருந்தார். மகளின் அழைப்பு வந்தது. அவள் குரல் வாசல்வரை கேட்டது: இனி பூஜைவரைகூடக் காத்திருக்க முடியாது, தரகரிடம் பேசப் போகிறாளாம். நான் பதிலைத் தயார்செய்வதற்குள் மனைவி போனை வாங்கிக்கொண்டாள்.

"அப்பா தூங்கிட்டார், அவ்வளவுதான். தானாவே எழுந்துண்டார், நான் பார்த்தேன். வீட்டை விக்கிற பேச்சை விட்டுடு. அவருக்காகச் சொல்லலை. எனக்கு இங்கேதான் இருக்கணும்."

மனைவி போனை வைத்துவிட்டு, வந்தவர்களை எண்ணிப் பார்த்துக் காப்பி போட உள்ளே போனாள். போகிற போக்கில் என்னிடம் சொன்னாள்:

"நாளையிலேர்ந்து தாழ்ப்பாள் போட்டுண்டு பண்ணுங்கோ."