குழாய்க் கடையில் தேசியக் கவிஞர்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு கத்தைத் தாளில் துளை போட்டது. நான் ஸ்கேலை வைத்து விளிம்பிலிருந்து அளந்து பென்சிலால் புள்ளி வைத்தேன். அம்மா தாளை இரண்டாக மடித்து, மடிப்பை பஞ்சிங் மிஷினின் நடுவில் வைத்து ஒரே அழுத்து அழுத்தினாள். என் புள்ளியும் அவள் துளையும் ஒரே இடத்தில்தான் விழுந்தன.

"பாலம் கட்டறியா, ஃபைல் போடறியா?" என்றாள்.

நான் பாலங்களின் சுமையைக் கணக்கிடும் இன்ஜினீயர். அந்த ஃபைல் அம்மாவின் பள்ளிக்கூட ப்ராஜெக்ட். அம்மாவுக்கு வயது அறுபத்துமூன்று.

சின்ன வயதில் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு பெரிய மருத்துவமனையின் டெலிபோன் போர்டில் உட்கார்ந்தவள் அவள். ஓய்வு பெறும்வரை அதே வேலை. வீட்டிலும் அந்தப் பேச்சுதான். பசிக்கிறது என்றால், "லைன்லயே இருங்க, இணைக்கறேன்" என்று சமையலறைக்குள் போவாள். ஓய்வு பெற்ற கையோடு மாலைப் பள்ளியில் சேர்ந்தாள். "இத்தனை டாக்டருக்கு லைன் குடுத்தேன். நான் பள்ளிக்கூடத்தையே தாண்டலைன்னா நல்லாவா இருக்கு?" பகலில் சிறு பிள்ளைகள் படிக்கும் வகுப்பறை அது. தான் எழுந்தால் நாற்காலியும் கூடவே எழுந்து வருகிறது என்று சொல்லிச் சிரிப்பாள்.

பள்ளியிறுதிச் சான்றிதழுக்கு எழுத வேண்டிய தேர்வுகளை எல்லாம் எழுதி முடித்துவிட்டாள். மிச்சம் இந்த ப்ராஜெக்ட்தான். இதில் தேறாவிட்டால் சான்றிதழ் கிடையாது. ஆசிரியை கொடுத்த தலைப்பு: அரசாங்கம் தேசியக் கவிஞர் என்று பட்டம் கொடுத்தவரின் வாழ்வும் எழுத்தும். மற்றவர்கள் நூலகத்துக்குப் போனார்கள். அம்மா டெலிபோன் டைரக்டரியை எடுத்தாள்.

"நூலகத்துல புத்தகம் இருக்கும்மா," என்றேன்.

"புத்தகத்துல இருக்கறது அந்த ஆளுக்குத் தெரியாதா? அவரையே கேட்டா ஒரே போன்ல முடிஞ்சுது."

டைரக்டரியில் அந்தப் பெயரில் ஒரே ஒருவர்தான் இருந்தார். போர்டில் அம்மாவுக்கு ஒரு பழக்கம். பெயரைக் கேட்பாள், ஆமாம் என்றால் லைனைக் கொடுத்துவிடுவாள். மேற்கொண்டு விசாரித்துக்கொண்டிருந்தால் பின்னால் காத்திருப்பவர் கத்துவார். இவரிடமும் அப்படியே பெயரை மட்டும் கேட்டாள். ஆமாம் என்றார். உடனே கேள்விகளை ஆரம்பித்துவிட்டாள். போன் சுடச்சுடப் பேசிவிட்டுத்தான் வைத்தாள்.

அன்று மாலை எழுதியதை வாங்கிப் படித்தேன். "கவிஞர் காலையில் எழுதுவதில்லை, கடை திறக்க வேண்டும். சிறு வயதில் கணக்கில் புலி. இவர் சொல்வதை மனைவி காதில் போட்டுக்கொள்வதே இல்லை."

"என்ன கடைம்மா?"

"குழாய், வாஷ்பேசின் விக்கற கடை. கவிதை எழுதி எவன்டி சம்பாதிச்சான்?"

நிஜக் கவிஞர் ஆயுள் முழுக்கப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். தன் எண்ணை டைரக்டரியில் போட விடாதவர். பத்திரிகையில் வந்திருந்த கட்டுரையை எடுத்துக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டு முழுவதும் படித்தாள்.

"வேலையில ஒரு தப்பு லைன் குடுத்ததில்ல நான்," என்றாள். பிறகு போனை எடுத்தாள். வருடக்கணக்கில் ஹெட்போன் மாட்டிய காது என்பதால் வீட்டில் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள்.

"நீங்க கவிஞர் இல்லையாமே?"

"நான் எப்பம்மா கவிஞர்னு சொன்னேன்? பேரைக் கேட்டீங்க, ஆமான்னேன்."

"அத்தனை கேள்விக்கும் பதில் சொன்னீங்களேய்யா."

"நீங்க கேட்டீங்க. குழாய் என்ன விலைன்னு கேக்கறதைத் தவிர என்னை இங்க யாரும் எதுவும் கேட்டதில்ல."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது அடங்கும்வரை கடைக்காரர் பொறுமையாக இருந்தார்.

"அந்த மனுஷனுக்குப் பட்டம் குடுத்ததுலேருந்து அவரோட போனெல்லாம் எனக்குத்தான் வருது," என்றார். "கல்யாணத்துக்கு நாலு வரி எழுதிக் குடுங்கன்னு கேக்கறாங்க. எப்பப் பாத்தாலும் மழையையே எழுதறியே, வெயில் என்ன பாவம் பண்ணுச்சுன்னு ஒருத்தர் திட்டறார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அடுத்த புத்தகத்துல பாத்துக்கறேன்னேன்."

"அவர் எழுதினதப் படிச்சிருக்கீங்களா?"

"ஒல்லியா இருக்கறதைப் படிச்சேன். குண்டா ரெண்டு இருக்கு. அதை அவரே படிச்சுக்கட்டும்."

எழுதியதைத் தூக்கிப் போட்டுவிட்டு நூலகத்துக்குப் போகச் சொன்னேன். இன்னும் நாள் இருந்தது.

"போடி. புத்தகத்தைப் பாத்து எழுத வகுப்பு முழுக்க ஆள் இருக்கு. அவருக்கு யார் யார் போன் போட்டாங்கன்னு எழுத நான் ஒருத்திதான்."

நூலகத்துக்கும் போனாள். ஒல்லிப் புத்தகங்களை மட்டும் எடுத்து வந்தாள். சாயங்காலங்களில் கடைக்காரர் போனில் தனக்கு வந்த புகார்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். எந்தக் கவிதை அதைக் கிளப்பியது என்று அம்மா தேடிப் பிடித்துப் படித்துக் காட்டுவாள். திட்டு நியாயமா இல்லையா என்று இருவரும் தீர்ப்பு சொல்வார்கள். மழை விஷயத்தில் திட்டியவர் பக்கமே தீர்ப்பானது. பின்னாலிருந்து குரல் கொடுத்த கடைக்காரர் மனைவியும் அதற்கு ஒப்புக்கொண்டார். கவிதை, அதற்கு வந்த போன், தீர்ப்பு. இதுதான் அம்மாவின் ப்ராஜெக்ட்.

ஆசிரியை ஃபைலைப் புரட்டிப் பார்த்துத் தயங்கினாராம். "பாதிக்கு மேல குழாய்க்கடைக்காரர் இருக்காரேம்மா. திருத்தறவங்க என்ன சொல்வாங்களோ?"

"அனுப்பிப் பாருங்க டீச்சர். எடுக்கலைன்னா மறுபடி டயல் பண்ணிக்கலாம்."

அங்கே அப்படிச் சொல்லிவிட்டு வந்தவள், வீட்டில் கழுவின டம்ளரையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். "தேறிடுவேனாடி?" என்று கேட்டாள். தேறிடுவே என்றேன். "நீ பாலத்துக்கே மூணு தடவ கணக்குப் பாக்கறவ. இதை மட்டும் பாக்காமலே சொல்றே," என்றாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் அம்மா எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது. அதைப் பற்றி இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

நேற்று ஆசிரியை போன் செய்தார். அம்மா தேறிவிட்டாள். எழுபத்தெட்டு மதிப்பெண். வெயிலுக்காகச் சண்டை போட்டவரைப் பற்றிப் படித்துவிட்டு, ஃபைலைத் திருத்தியவர் வாய்விட்டுச் சிரித்தாராம். நான் நன்றி சொல்லி வைத்தேன்.

ஃபைலைக் கொடுத்த அன்று கடைக்காரர் அம்மாவிடம், "மார்க் வந்ததும் சொல்லுங்க, பாதி என்னுது," என்றிருந்தார். வந்த நிமிஷமே போன் போடுவதாக அம்மா சொல்லியிருந்தாள். அம்மா போனது உட்பட அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. இந்நேரம் கடையைத் திறந்திருப்பார்.