எனக்கு மட்டும் தெரியாத என் முதுகு

போன வருடம் சித்திரை வெயிலில், தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூரில் எங்கள் வீட்டில், முதுகில் ஆபரேஷன் முடிந்து படுத்துக் கிடந்தபோது நடந்தது இது. எழுத உட்காரும்போது கோபம் கொஞ்சம் தணிந்திருக்கும் என்று நினைத்தேன். தணியவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதிவிடுகிறேன்.

மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க நின்றபடி செய்யும் வேலை. அதற்கு மேல் போக வர கம்பெனி பஸ்ஸின் குலுக்கல். எது காரணமோ, இடுப்புக்கு மேலே ஒரு எலும்பு முன்பக்கம் நழுவி, நரம்பை அழுத்த ஆரம்பித்துவிட்டது. இடது காலில் கரண்ட் அடித்த மாதிரி வலி. பெல்ட் போட்டேன், எண்ணெய் தேய்த்தேன், பிசியோதெரபிக்கு அலைந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில், நழுவிய எலும்பையும் அதற்கு அடுத்ததையும் சேர்த்து ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிடலாம் என்றார் டாக்டர். ஸ்க்ரூவும் முடுக்குவதும் எனக்குப் பழகிய விஷயம். பயப்படாமல் சரி என்று சொன்னேன்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றிருந்தார். "எல்லாம் சக்சஸ்னு சொல்லிட்டாரு டாக்டர்" என்றார். அடுத்த நாளே பிடித்து நிற்க வைத்தார்கள். கால் வலி நிஜமாகவே போயிருந்தது. அதை மறைத்தால் நியாயம் ஆகாது. அந்த டாக்டர் கைராசிக்காரர்தான், நான் அதில் குறை சொல்ல வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தலைவலி ஆரம்பித்தது. சாதாரணத் தலைவலி இல்லை. எழுந்து உட்கார்ந்தால் பின் மண்டையைப் பிடித்துக் கீழே இழுக்கிற மாதிரி இருக்கும். காது அடைக்கும், வாந்தி வரும், ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்தும். திரும்பப் படுத்தால் கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காதது போல் சரியாகிவிடும்.

இப்படி ஒரு வியாதி குடும்பத்தில் இருக்கும் பெண்ணுக்கு வரவே கூடாது. படுத்தால் நன்றாக இருக்கிறது, எழுந்தால் முடியவில்லை என்று ஒரு மருமகள் சொன்னால் யார் நம்புவார்கள்? உடம்பு விசாரிக்க ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக உறவுக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்களுக்கு மரியாதையாக எழுந்து உட்காருவேன். ஐந்து நிமிடத்தில் முகம் கோணிப் போகும். படுத்துவிடுவேன். படுத்ததும் தெளிந்துவிடுவேன், சிரித்துக்கூடப் பேசுவேன். இதை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார் என் நாத்தனார்.

"உக்காந்தா வலிக்குது, படுத்தா சரியாப் போயிடுது. நல்ல தலைவலிதாம்மா வந்திருக்கு உனக்கு. எனக்கும் ஒண்ணு வராதான்னு இருக்கு" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது நினைத்தாலும் உடம்பு எரிகிறது. மூட்டு வலியோடு எனக்கும் சேர்த்துச் சமைத்துக்கொண்டிருந்த மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் சொல்ல வேண்டியதைச் சமையலறையில் பாத்திரங்கள் சொல்லின.

அதற்கப்புறம் முதுகில் ஈரம். நைட்டியின் பின்பக்கம், கட்டுப் போட்ட இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு நனைந்திருந்தது. ரத்தம் இல்லை, சீழ் இல்லை, சுத்தமான தண்ணீர். என் வீட்டுக்காரர் மருத்துவமனைக்குப் போன் செய்தார். "வெயில் காலம் சார், வேர்த்திருக்கும். ஃபேனுக்கு அடியில படுக்கச் சொல்லுங்க" என்றது அந்தப் பக்கத்துக் குரல். நான் ஃபேனுக்கு அடியில்தான் பகல் முழுக்கக் கிடந்தேன். கழுத்தில் வியர்வை இல்லை, அக்குளில் இல்லை, தையலுக்கு மேலே மட்டும் வியர்க்குமா என்று கேட்டேன். "டாக்டருங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போவுது?" என்றார் அவர்.

எனக்குத் தெரியும். ஏனென்றால் என் வேலையே அதுதான். எஞ்சினில் தண்ணீர் ஓடும் அலுமினிய உறைகள் எங்கள் மேஜைக்கு வரும். வாய்களை எல்லாம் அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்ப்போம். ஒரே ஒரு குமிழி கிளம்பினாலும் அது தேறாது. மேஜைக்கு மேலே ஒரு சிவப்பு பட்டன் இருக்கிறது. ஒரே மாதிரி ஓட்டை இரண்டு மூன்றில் வந்தால் அதை அழுத்துவோம், மொத்த லைனும் நின்றுவிடும். காண்ட்ராக்ட்டில் நேற்று சேர்ந்த பெண் அழுத்தினாலும் மேனேஜர் ஓடி வந்து முதலில் உறையைத்தான் பார்ப்பார். உனக்கு மனசு சரியில்லையா, ராத்திரி தூங்கினாயா என்று யாரும் அவளைக் கேட்க மாட்டார்கள்.

அதனால் என் முதுகையும் நானே சோதித்துவிடுவது என்று முடிவு செய்தேன். குப்புறப் படுத்து, வீட்டுக்காரரைச் சுற்றிலும் நன்றாகத் துடைக்கச் சொல்லி, வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை மடித்துக் கட்டின் மேல் வைக்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் தையலுக்கு நேராக ஒரு வட்டம் நனைந்தது. வேறொரு கைக்குட்டையை வைத்துக்கொண்டு பல்லைக் கடித்து எழுந்து உட்கார்ந்தேன். இந்த முறை சொதசொதவென்று நனைந்துவிட்டது.

"இது வேர்வை இல்லைங்க. லீக்" என்றேன்.

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "பயமுறுத்தற மாதிரி பேசாதே" என்றார். எனக்காகப் பயப்படுகிறார் பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை வாடகைக் காரின் பின் சீட்டில் காலை மடக்கிப் படுத்தபடி மருத்துவமனைக்குப் போனேன். டோக்கன் வாங்கிக் காத்திருக்கச் சொன்னார்கள். வரிசையாக இரும்பு நாற்காலிகள். உட்கார முடியாது என்றேன். சக்கர நாற்காலி கொண்டு வந்தார்கள். அதிலும் உட்காரத்தானே வேண்டும். தலையைச் சுவரில் முட்டுக்கொடுத்து நின்றேன். வழியில் போன ஜூனியர் டாக்டர் ஒருவரை என் வீட்டுக்காரர் கெஞ்சிக் கூட்டி வந்தார். அவர் கட்டைப் பிரிக்கவில்லை, குனிந்துகூடப் பார்க்கவில்லை. "தூங்கறாங்களா சார்? சாப்பிடறாங்களா? டென்ஷன் அதிகமா இருக்கும். கொஞ்சம் தைரியம் சொல்லுங்க அவங்களுக்கு" என்றார். எல்லாம் என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான். நான் நடுவில்தான் நிற்கிறேன், வாய் நன்றாகத்தான் வேலை செய்கிறது. என்னிடம் ஒரு கேள்வி இல்லை.

அவர் போனதும் என்னால் நிற்கவும் முடியவில்லை, கோபமும் தாங்கவில்லை. வெட்கம், மானம் எல்லாவற்றையும் விட்டேன். அந்த ஹாலில், அத்தனை பேர் முன்னால், இரண்டு நாற்காலியில் சரிந்து படுத்துவிட்டேன். செக்யூரிட்டி ஓடி வந்தார். "படுக்கக் கூடாதும்மா, உக்கார்ற எடம் இது."

கையில் மாவுக்கட்டு போட்டிருந்த ஒரு பெண்மணி எதிரில் உட்கார்ந்திருந்தார். முடிச்சூரிலிருந்து வருவதாக அப்புறம் சொன்னார். அவர் எழுந்து என் கால்மாட்டில் இருந்தவர்களை எழுப்பினார். "ஏந்திரிங்கப்பா, அந்தம்மா காலு நீட்டட்டும்" என்றார். பிறகு செக்யூரிட்டியிடம் திரும்பி, "இன்னா சார், ஒடம்பு முடியாமத்தான ஆஸ்பத்திரிக்கு வந்துகீறாங்க? படுத்தா இன்னா ஆயிடும் உனுக்கு? போயி டாக்டரை இட்டாந்துட்டு அப்பறம் பேசு" என்று ஒரு போடு போட்டார். ஹாலில் இருந்தவர்கள் ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்தில்தான் உள்ளேயிருந்து, எனக்கு ஆபரேஷன் செய்த பெரிய டாக்டர் வெளியே வந்தார்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றிப் பக்கத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு போய் என்னைக் குப்புறப் படுக்க வைத்தார். கட்டைப் பிரித்தார். "இருமுங்கம்மா" என்றார். இருமினேன். இடுப்பில் வழிந்ததை நானே உணர்ந்தேன்.

பிறகு டாக்டர் பேசினார். என்னிடம் இல்லை, என் முதுகுக்கு மேலாக என் வீட்டுக்காரரிடம். "அன்னைக்கே சொன்னேனே சார், உள்ள உறையில சின்னதா ஒரு கிழிசல் ஆச்சு, தைச்சிருக்கோம்னு. தலைவலி வந்தா உடனே கூட்டிட்டு வந்திருக்கணும்ல."

"தலைவலி பத்தி நீங்க சொல்லலை டாக்டர். பயப்பட ஒண்ணுமில்ல, அவங்ககிட்ட சொல்லிக்க வேணாம்னுதான் சொன்னீங்க."

"இல்ல சார், நான் தெளிவா சொன்னேன்."

நான் குப்புறக் கிடக்கிறேன். முதுகிலிருந்து தண்ணீர் வழிகிறது. அதைப் பற்றி ஆபரேஷன் தியேட்டர் வாசலில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று எனக்கு மேலே இரண்டு ஆண்கள் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள்.

"எந்தக் கிழிசல்?" என்று கேட்டேன். இருவரும் நிறுத்திவிட்டார்கள்.

அப்போதுதான் விளக்கம் வந்தது. மூளையைச் சுற்றி இருக்கும் நீர் முதுகுத்தண்டு வரைக்கும் ஒரு மெல்லிய உறைக்குள் இருக்குமாம். ஆபரேஷனின்போது அதில் கீறல் விழுவது உண்டாம், தைத்துவிடுவார்களாம். அந்தத் தையல் விட்டு, நீர் வெளியே வந்துகொண்டிருந்தது. நீர் குறைந்ததால்தான் உட்கார்ந்தால் தலைவலி. அந்த ஓட்டை வழியே கிருமி உள்ளே போயிருந்தால் மூளைக் காய்ச்சல் வந்து உயிருக்கே ஆபத்தாகியிருக்கும்.

கீறல் விழுந்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. நல்ல மெஷினிலும் ஒரு உறை விரிசல் விடும், பார்த்திருக்கிறேன். ஆனால் என் உடம்புக்குள் ஒரு ஓட்டை விழுந்ததை என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊர் மருத்துவமனைகளில் இதுதான் வழக்கம். தியேட்டர் கதவு திறந்ததும் வீட்டு ஆண்பிள்ளை யார் என்று தேடுவார்கள். அவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்வார்கள். அவர் தலையாட்டிவிட்டு வந்து "எல்லாம் சக்சஸ்" என்பார். கெட்ட எண்ணம் எவருக்கும் இல்லை, எல்லாம் பாசம்தான். அந்தப் பாசம் என்னைக் கொல்லப் பார்த்தது.

"ஒழுகுதான்னு பாக்கறதுதான் டாக்டர் என் வேலை" என்றேன். "கிழிசல்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, முதல் தலைவலிக்கே வந்து நின்னிருப்பேன்."

"பேஷண்ட் பயந்துடுவாங்கன்னு பொதுவா சொல்றதில்லம்மா."

"இப்ப மட்டும் பயமில்லாமயா படுத்திருக்கேன்?"

அவர் புதுக் கட்டு ஒன்றை எடுத்து முதுகில் வைத்து ஒட்டினார். திரும்பவும் திறந்து தைக்க வேண்டும் என்றார். ஏற்பாடு எல்லாம் ஆகி, என்னை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்திருந்தபோது டாக்டர் கதவருகே நின்று என் வீட்டுக்காரரை விரலால் அழைத்தார். "சார், ஒரு நிமிஷம் வெளிய வாங்க." கிழிசல் விஷயம் தெரிந்ததிலிருந்து நான் என் வீட்டுக்காரரோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அவர் போவதற்கு எழுந்தார். என்னைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"இங்கயே சொல்லுங்க டாக்டர். அவகிட்டயே சொல்லுங்க" என்றார்.

டாக்டர் உள்ளே வந்து சொன்னார். மறுபடி தைத்தாலும் நிற்காமல் போகலாம், காலில் மரத்துப் போகலாம், பல நாள் தலையைத் தூக்காமல் மல்லாந்தே கிடக்க வேண்டியிருக்கும். பயமாகத்தான் இருந்தது. ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதற்கப்புறம் வீட்டுக்காரரோடு பேசினேன். திட்டத்தான் பேசினேன். ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்வரை திட்டினேன், அவர் கையைப் பிடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

இந்த முறை தையல் பிரியாமல் நின்றது. இடது கால் கட்டைவிரலில் உணர்வு இன்னும் முழுதாக வரவில்லை. குனிந்து கோலம் போட முடியாது. மற்றபடி திரும்ப வேலைக்குப் போகிறேன். நாத்தனார் மறுபடியும் சாத்துக்குடியோடு வந்தார். "நாங்க என்னத்தைக் கண்டோம், சொல்லு" என்றார். அதுவும் சரிதான், அவருக்கும் யாரும் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. நல்லவேளை பிழைத்தாய், கோபத்தை விடு என்று எல்லோரும் புத்தி சொல்கிறார்கள். விடமாட்டேன். கோபப்பட்டு அந்த ஹாலில் படுத்ததால்தான் இன்றைக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சமீபத்தில் செக்கப்புக்குப் போயிருந்தேன். என்னைவிட இளையவளாக ஒரு பெண் சக்கர நாற்காலியில் இருந்தாள். கொஞ்சம் தள்ளி, அவள் கணவனிடம் யாரோ ஒரு டாக்டர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். அவள் அந்த இருவரின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய், "என்ன சொல்றாங்கன்னு நீயே கேளும்மா" என்றேன்.

"அவர் பாத்துப்பாருக்கா" என்றாள் சிரித்துக்கொண்டு.

நான் அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தேன். "தள்ளட்டுமா?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுத் தலையாட்டினாள். தள்ளிக்கொண்டு போய் அந்த இருவருக்கும் நடுவில் நிறுத்தினேன். பேச்சு சட்டென்று நின்றது. டாக்டர் என்னை முறைத்தார். நானும் முறைத்தேன். அந்தப் பெண் மெல்லிய குரலில், "எனக்கு என்ன சார்?" என்று கேட்டாள். என் வாழ்க்கையில் நான் கேட்க மறந்து உயிரையே விடப் பார்த்த கேள்வி அது. இனி என் காதில் படும் தூரத்தில் எந்த நோயாளியும் அதைக் கேட்காமல் வீடு திரும்ப விடமாட்டேன்.