ஈரத் தரையும் முதலாளியின் செருப்பும்

மல்லாட்டை மில்லுக்கு நிலக்கடலை உரிக்கப் போனால் கை தோல் உரியும், மூக்கில் தூசி ஏறும் என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள். கரண்டு பிடித்து இழுக்கும் என்று ஒருத்தரும் சொல்வதில்லை. நான் மூணாம் கிளாஸ் வரைதான் படித்தவள். ஆம்பளைகள் எதிரே வாய் திறக்கக் கூச்சம். அதனால்தான் எழுதுகிறேன். மிஷின் பக்கத்தில் வெறுங்காலோடு நிற்கிற அக்கா தங்கச்சிகளே, இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும்.

புது மருமகள்

திண்டிவனத்தில் எங்கள் மில்லில் மல்லாட்டையை நனைத்துத்தான் மிஷினில் கொட்டுவோம். அப்போதுதான் பருப்பு உடையாமல் வரும். தரை எந்நேரமும் சொதசொதவென்று கிடக்கும்.

முதல் நாள் கூடையைக் கவிழ்க்கும்போது என் கை மிஷின் இரும்பில் பட்டது. தோள் வரை சுரீரென்று ஏறி, கூடை எங்கேயோ போய் விழுந்தது. கூட வேலை செய்கிற பாக்கியம் அக்கா, "எங்களுக்கும் தெனம் இப்படித்தான்" என்றாள். மேஸ்திரி ஓடி வந்தார். என்னைப் பார்க்க இல்லை, சிந்தின மல்லாட்டையைப் பார்க்க.

"புது மருமவள்னா மாமியாரு கிள்ளத்தான் கிள்ளுவா. ஜல்தியா அள்ளு!"

வெள்ளிக்கிழமைப் பொட்டு

வெள்ளிக்கிழமை தோறும் மோட்டாருக்கு மஞ்சள் தண்ணி தெளித்துப் பொட்டு வைக்க வேண்டும். மிஷினை நிறுத்தவும் விட மாட்டார்கள், ஓட ஓடத்தான் வைக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை பாக்கியம் அக்கா ஈரக் கையோடு பொட்டு வைத்தாள். வைத்த கை திரும்பி வரவில்லை. கத்தக்கூட முடியாமல் கண் பிதுங்கி நின்றாள். நான் ஓடிப்போய் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தேன்; என்னையும் தூக்கி அடித்தது. மேஸ்திரி சுவிட்சை அணைத்ததும்தான் அக்கா கீழே விழுந்தாள். விரல் நுனியெல்லாம் வெந்து போயிருந்தது.

முதலாளி வந்தார். மிஷினைத் திரும்ப ஓட விட்டு, தோல் செருப்போடு காய்ந்த சாக்கின் மேல் நின்றுகொண்டு மோட்டாரைத் தட்டிக் காட்டினார்.

"எனக்கு ஒண்ணும் ஆவலியே! தீட்டோட தொட்டுட்டு மிஷினு மேல பழி போடறியா?"

தூளி

என் பிள்ளைக்கு அப்போது ஆறு மாசம். தகரக் கொட்டகையில் தூளி கட்ட உத்தரம் ஏது? சுவிட்சிலிருந்து மிஷினுக்கு வயர் போகிற இரும்புப் பைப்பைக் காட்டி, இதில் கட்டு என்றார் மேஸ்திரி. நானும் கட்டினேன். ஒரு மழை நாளில், பிள்ளை நனைத்த தூளியை மாற்றப் போனேன். பைப்பில் விரல் பட்டது. அதே சுரீர். பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

அன்றிலிருந்து வாசல் வேப்ப மரத்தில்தான் தூளி. பிள்ளை அழும்போதெல்லாம் நான் வெளியே ஓடுவது மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை.

"நாளைக்கு தூளி பைப்புல தொங்கணும். இல்லன்னா நீ வூட்லயே கெட."

விழுப்புரத்து வயர்மேன்

மறுநாள் காலையில் மிஷின் நின்றுபோனது. மனுஷி கை வெந்தபோது கூப்பிடாத வயர்மேனை, மிஷின் நின்றதும் விழுப்புரத்திலிருந்து அடுத்த ரயிலிலேயே வரவழைத்தார்கள். அவர் பழுது பார்த்துவிட்டு, "மிஷின்லேர்ந்து மண்ணுக்குள்ள ஒரு செம்புக் கம்பி எறக்கி இருந்துச்சே, எங்க? கசியற கரண்டு அது வழியா மண்ணுக்குப் போவும். அது இல்லன்னா ஆளு வழியாத்தான் போவும்" என்றார்.

மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டே முதலாளி அறையைப் பார்த்தார். அங்கே லட்சுமி படம் அதே செம்புக் கம்பியில் தொங்கிக்கினு இருந்தது! சும்மா மண்ணில் புதைந்து கிடக்கிற கம்பிதானே என்று மேஸ்திரிதான் அறுத்து மாட்டியிருக்கிறார்.

வயர்மேன் எங்களிடம் சொன்னதை நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதீர்கள். காய்ந்த பலகை மேல் நில்லுங்கள். யாரையாவது கரண்டு பிடித்தால் என்னைப் போல கையால் இழுக்காதீர்கள். சுவிட்சை அணையுங்கள், முடியாவிட்டால் காய்ந்த கழியால் தள்ளிவிடுங்கள். பிறகு வயர்மேன் முதலாளி பக்கம் திரும்பினார்.

"சொவத்துல இருக்கற லட்சுமி விழக்கூடாதுன்னு, தரையில நிக்கற பொம்பளைங்கள விழ வெச்சிருக்கீங்களேய்யா!"

நான் பேசினது

முதலாளி அசையவில்லை. "கம்பியெல்லாம் சீசன் முடிஞ்சு பாத்துக்கலாம். மிஷினப் போடு" என்றார். மேஸ்திரி என் இடுப்பிலிருந்த பிள்ளையையும் பைப்பையும் மாறி மாறிப் பார்த்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டுதான் பேசினேன். ஆனாலும் பேசிவிட்டேன்: "முதலாளி, செருப்பக் கழட்டிட்டு, இந்த ஈரத்துல நின்னு நீங்க ஒருக்கா தொடுங்க. அப்புறம் புள்ளையக் கட்டறேன்."

பாக்கியம் அக்கா கூடையைக் கீழே வைத்தாள். மற்றவர்களும் வைத்தார்கள். முதலாளி தன் செருப்பைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கடைசியில் வயர்மேனைப் பார்த்துக் கத்தினார்.

"என்னய்யா வேடிக்க பாத்துக்கினு நிக்கற? கம்பிய எறக்குய்யா!"

இப்போது லட்சுமி சணல் கயிற்றில் தொங்குகிறாள், என் பிள்ளை வேப்ப மரத்தில் தூங்குகிறான், முதலாளி மட்டும் மிஷின் பக்கம் வரும்போது இன்னும் செருப்பைக் கழற்றுவதே இல்லை.