எறும்புப் பொடி

ஒன்பது வயதில் நான் என் தாய்க்கு மொழிபெயர்ப்பாளராக நியமிக்கப்பட்டேன். ஜெர்மனியின் ஆஹென் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த அப்பாவுக்கு உலோகங்களைப் பற்றி ஜெர்மனில் பேச வரும். மனைவியைப் பற்றிப் பேச வராது. எழுபதுகளின் தொடக்கம் அது. வானொலி தன்னைப் பெயர் சொல்லித் திட்டுகிறது என்று அம்மா சொல்லத் தொடங்கிய குளிர்காலத்தில் அவளை மனநல மருத்துவமனையில் சேர்த்தோம். கோடை வந்தும் அவர்கள் வீட்டுக்கு அனுப்பவில்லை.

புதன்கிழமைதோறும் அப்பாவும் நானும் பஸ் ஏறிப் பார்க்கப் போவோம். அந்தக் கோடையில் அம்மாவுக்குத் தாகம் தீரவேயில்லை. பூ ஜாடித் தண்ணீரைக்கூடக் குடித்துவிட்டாள் என்று செவிலி புகார் சொன்னார். மனநோயின் வேலை என்று முடிவுசெய்து, குவளையை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். பிடிவாதமாக அவள் கட்டிக்கொண்டிருந்த புடவையில் கொசுவ மடிப்புகள் மட்டும் கூடிக்கொண்டே போயின.

ஒரு புதன்கிழமை, அப்பா செவிலியிடம் துவைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தபோது, மருத்துவர் எங்கள் பக்கம் வந்தார். அம்மா என் கையைப் பற்றினாள்.

"கண்ணு, இதை மட்டும் டாக்டர்கிட்ட சொல்லிடு. நான் ஒண்ணுக்குப் போற எடத்துல எறும்பு மொய்க்குது. என் அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. டாக்டர் படிச்சவர், சொன்னாலே புரிஞ்சுக்குவார்."

"போம்மா, இதையெல்லாமா சொல்லுவாங்க?"

"அடேங்கப்பா, துரைசாணிக்கு வெக்கத்தைப் பாரு! உனக்குக் கால் கழுவிவிட்டவ நான்தான்டி" என்று சிரித்தாள். அவள் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

ஒண்ணுக்குப் போவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே ஜெர்மன் சொல் பள்ளி மைதானத்துச் சொல். அதை உச்சரித்த ஒருவனை எங்கள் ஆசிரியை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருந்தார். ஆகவே அதை விலக்கிவிட்டு, இலக்கணப் பிழை ஏதுமில்லாத ஒரு வாக்கியத்தைக் கட்டினேன்: எறும்புகள் தன்னைத் தேடி வருகின்றன என்று அம்மா சொல்கிறாள்.

மருத்துவரின் பேனா நிமிர்ந்தது. "நிறையவா?"

"ஆமாம். தினமும்."

அவர் நெடுநேரம் எழுதினார். பிறகு, "அருமையாப் பேசுறியே" என்று என் கன்னத்தைத் தட்டினார். அவர் எழுதுவதைப் பார்த்திருந்த அம்மா நிம்மதியாகச் சாய்ந்துகொண்டாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

திரும்பும் பஸ்ஸில் அந்த வாக்கியத்தை அப்பாவிடம் பெருமையோடு ஒப்பித்தேன். அவர் சன்னலைப் பார்த்தபடி, "அம்மா சொல்றதையெல்லாம் அப்படியே சொல்லாதம்மா. மாத்திரையைத்தான் கூட்டுவாங்க" என்றார். கூட்டினார்கள்.

அடுத்த புதன்கிழமை அம்மா கண் திறக்கவில்லை. மருந்தின் தூக்கம், எழுப்ப வேண்டாம் என்றார் செவிலி. குனிந்து முத்தமிட்டேன். அவள் மூச்சில் அளவு மீறிக் கனிந்த ஆப்பிளின் வாசனை வந்தது. பழமெல்லாம் கொடுத்து நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அவளை ஆம்புலன்ஸில் வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். சிறுநீரைச் சோதித்து, சர்க்கரை நோய் என்று கண்டுபிடிக்க அங்கே ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இதை யாருமே கவனிக்கவில்லையா என்று அங்கிருந்த இளம் மருத்துவர் கேட்டதையும் நான்தான் அப்பாவுக்கு மொழிபெயர்த்தேன். அம்மா விழிக்காமலே போய்ச் சேர்ந்தாள்.

ஆனால் என்னை விடாதது அந்தக் கடைசிப் புதன்கிழமைதான். அம்மா தூங்கிக்கொண்டிருக்க, நான் அந்த வார்டின் கழிப்பறைக்குப் போனேன். துப்புரவுப் பெண் ஒருத்தி முழங்காலிட்டு, தரை ஓரமெங்கும் வெள்ளைப் பொடியைத் தூவிக்கொண்டிருந்தாள்.

"பார்த்துப் போ, பாப்பா, மிதிச்சிடாதே. விஷம். இந்த எறும்புச் சனியன் கோடை பூரா என் உயிரை வாங்குது."

நான் பொடியில் கால் படாமல் கவனமாகத் தாண்டினேன். மருத்துவர் எழுதிவைத்த எறும்புகளும் இவள் கொன்றுகொண்டிருந்த எறும்புகளும் ஒன்றேதான் என்பது, அந்தக் கட்டடத்தில் நான் ஒருத்தி மட்டுமே சொல்லியிருக்கக்கூடிய செய்தி என்பது, எனக்கு அப்போது தெரியவில்லை. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, தூங்கும் அம்மாவிடம் திரும்பிப் போனேன்.