கை தானாகப் போகவில்லை

போன சனிக்கிழமை செம்மேடு பஸ் ஸ்டாண்டில் யாரோ மரவள்ளிக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனைக்கு மற்றவர்களுக்கு எச்சில் ஊறும். எனக்கு முகம் சுடும். ஐம்பத்தாறு வயதில், ஊரே ‘மாஸ்டர்’ என்று கூப்பிடுகிற ஆளுக்கு இப்படியொரு வியாதி.

கராத்தே பழக ஆரம்பித்தபோது எனக்குப் பதினாறு. இன்றைக்கும் ஒருநாள் பயிற்சி தவறுவதில்லை. இந்த நாற்பது வருஷத்தில் உடம்பைப் பற்றி எவ்வளவோ தெரிந்துகொண்டேன். என்னைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரு நொடிதான் ஆனது.

இருபத்து நாலு வயதில் கறுப்பு பெல்ட் கிடைத்தது. நாமக்கல்லில் வாங்கிக்கொண்டு மலைக்கு பஸ் ஏறினேன். பெல்ட்டின் நுனி வெளியே தெரிகிற மாதிரி பையில் வைத்திருந்தேன். அப்போது அப்படியொரு கிறுக்கு. மலையடிவாரத்துக் காரவள்ளி தாண்டி வளைவு ஏற ஏறத் தூங்கிப்போய், செம்மேட்டில் திடுக்கிட்டு எழுந்து, அந்தப் பையையே மறந்து இறங்கிவிட்டேன். அன்று சந்தை நாள். நான் வேலை பார்த்த உரக்கடை வாசலில் கூட்டம். பின்னாலிருந்து ஒரு கை என் தோளில் விழுந்தது.

திரும்பிய வேகத்தில் தாடையில் ஒரு குத்து விட்டேன்.

விழுந்தவர் மலையில் பெரக்கரை நாடு என்கிற ஊர்ப்பக்கத்து விவசாயி சடையன். கடைக்கு அடிக்கடி வருகிறவர். வாயெல்லாம் ரத்தம். அப்போதும் என் பையை விடவில்லை. “பஸ்ஸுல வுட்டுட்டுப் போயிட்டீங்க... குடுக்கலாம்னு வந்தேனுங்க.”

“கை தானா போயிருச்சுங்க, பழகுன கை” என்றேன் எல்லாரிடமும். கூட்டம் நம்பியது. நம்பியதோடு நிற்காமல் வியந்தது. அந்தப் பேச்சைக் கேட்டே என்னிடம் பழக வந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு நானே நடித்துக் காட்டியிருக்கிறேன்.

உங்களிடம் சொல்கிறேன். திரும்பியபோது சடையன் என்று எனக்குத் தெரிந்தது. கையை நிறுத்த நேரமும் இருந்தது. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருமுறையாவது நிஜமாக அடித்துப் பார்க்க ஆசையாக இருந்தது. அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி வெள்ளையம்மா கிழங்கு அவித்து வைத்தார். எனக்குத் துண்டு துண்டாக; மெல்ல முடியாத சடையனுக்கு வெந்நீர் விட்டுக் கூழாகப் பிசைந்து.

“வெசனப்படாதீங்க தம்பி. நீங்களா அடிச்சீங்க? கைதானே போச்சு” என்றார் சடையன்.

வெள்ளையம்மா என்னையே பார்த்தார். “ஏனுங்க, இவரு மொகத்த நீங்க பாக்கவே இல்லீங்களா?”

உண்மையைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன்.

“இல்லீங்க” என்றேன்.

“அப்பறம் என்ன, சாப்பிடு சாமி” என்று தட்டை என் பக்கம் தள்ளினார். சாப்பிட்டேன். இன்னும் இரண்டு துண்டு வைத்தார். அதையும் சாப்பிட்டேன்.

பிறகு சந்தையில் பார்க்கும்போதெல்லாம் சடையன் ஒரு பக்கமாகவே எதையாவது மென்றுகொண்டு சிரிப்பார். நானும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அப்படியே வருஷங்கள் போயின.

முதலில் வெள்ளையம்மா போனார். பின்னால் சடையனும் போனதை நான் தாமதமாகத்தான் கேள்விப்பட்டேன். போன மழைக்காலத்தில் அங்கே போனேன். வீடு இருந்த இடத்தில் குச்சிக்கிழங்குக் காடு, அதே மரவள்ளிதான். களை எடுத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து, “அவிங்க யாரும் இல்லீங்களே. ஏதாச்சும் சொல்லோணுங்களா?” என்று கேட்டாள்.

“ஒண்ணுமில்லீங்க” என்றேன்.