பரீட்சைக்குப் படுத்த உடம்பு

ஈப்போ ஆஸ்பத்திரியில் மருத்துவ மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வு நடக்கும்போது, நோயாளியாகப் படுக்க என்னைக் கூப்பிடுவார்கள். காமாலைக் கிருமி ஒன்று பல வருடங்களாக என் ஈரலைச் சுருக்கி, மண்ணீரலை வீங்க வைத்திருந்தது. வயிற்றை அமுக்கிப் பார்த்துப் பழக நல்ல உடம்பு என்று, எனக்கு வைத்தியம் பார்த்த சிறப்பு மருத்துவர் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

முதல் தடவை எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நான் பிறந்த ரப்பர் தோட்டத்து கிளினிக்கில் ஜன்னல் வழியாக மாத்திரையை நீட்டுவார்கள்; யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. இங்கே ஒரே காலையில் எத்தனை கைகள்! பத்து காஜா ஊரில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பி மனைவியிடம் சொன்னேன்.

"அப்ப நீங்களும் வாத்தியாருதான் லா," என்று சிரித்தாள்.

போகப்போக அவர்கள் பேசும் ஆங்கிலமும் பழகிவிட்டது. மண்ணீரல் பெரிதாக இருக்கிறது, ஈரல் கைக்குத் தட்டுப்படவில்லை என்பார்கள். அதுதான் சரியான பதில்.

போன தேர்வில் சிலிம் ரிவர் என்ற ஊரிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பெண், உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு கட்டிலருகே மண்டியிட்டாள்.

"அங்கிள், வலிச்சா ஒடனே சொல்லுங்க. இப்ப மூச்ச நல்லா இழுங்க."

இழுத்தேன். வலது விலாவுக்குக் கீழே அவள் விரல்கள் நின்றன. எடுத்து, மறுபடி வைத்தாள். ஈரல் தட்டுப்படுகிறது, கெட்டியாக, மேடும் பள்ளமுமாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

தேர்வு எடுத்தவர் என் மருத்துவரேதான். தப்பு என்று சொல்வார் எனக் காத்திருந்தேன். அவர் தன் கையை வைத்துப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த மாணவனைக் கூப்பிட்டார். அவனும் அதையே சொன்னான். எனக்குப் புரியும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. எழுந்து போய்விடலாம் என்று எனக்கும் தோன்றவில்லை. கடைசி ஆள் வரை வயிற்றைத் திறந்து போட்டுப் படுத்திருந்தேன்.

"இன்னைக்கு வீட்டுக்குப் போயிராதீங்க. ஒரு ஸ்கேன் பாத்துரலாம்," என்றார் மருத்துவர்.

ஈரல் முழுக்கப் புற்றுக்கட்டிகள். வெட்டி எடுக்க வழியில்லை. அதற்கு முந்தைய சோதனையில் ரத்தமும் படமும் சுத்தமாகத்தான் இருந்தன. யாரைக் கோபித்துக்கொள்வது?

என்னை வார்டில் சேர்த்தபோது அந்தப் பெண் பார்க்க வந்தாள்.

"நா சொன்னது தப்பாயிருக்கணும், நா ஃபெயிலாயிரணும்னு வேண்டிக்கிட்டேன் அங்கிள்."

"பாஸாயிட்டியா?"

தலையாட்டி அழுதாள். நல்லா இரும்மா என்றேன். அவள் போனதும் எனக்கு அவள்மேல் வெறுப்புதான் வந்தது. அதில் நியாயமில்லை என்று தெரியும். இருந்தாலும் வந்தது.

வீட்டுக்கு வந்த அன்று மத்தியானம் மனைவி கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்க இருக்கு? காட்டுங்க."

அவள் விரல்களைப் பிடித்து விலாவுக்குக் கீழே வைத்து, மூச்சை இழுத்தேன். தட்டுப்பட்டதும் கையை உதறிக்கொண்டாள்.

"பக்கத்துலதான படுத்திருந்தேன்," என்றாள். "எனக்குத் தெரியலயே."

இப்போது வலிக்கு மாத்திரை மட்டும் தருகிறார்கள். கால் வீங்கிவிட்டது. குளிப்பாட்டுவது, துடைப்பது எல்லாம் அவள்தான். அந்த ஓர் இடத்தில் மட்டும் அவள் கை படுவதில்லை.